பாதி எந்திரம்

இந்த மரம்பிளக்கியில் பாதி என்னுடையது.
எந்தப் பாதி என்று நீதிமன்றம் சொல்லவில்லை.
வீடு எனக்கு, படகு அவனுக்கு,
நாய் யாரையும் கேட்காமல் செத்துப்போனது.
இது மட்டும் ஒற்றைப்படை மாதங்களில் என் கொட்டகையில்,
இரட்டைப்படை மாதங்களில்
ஆர்லன் கெஸ்டிலாவின் கொட்டகையில்.

இன்று நவம்பர் ஒன்று.
விடியுமுன் லாரியில் கோத்து இழுத்துவந்து
வாசலில் விட்டுப் போயிருக்கிறான்.
சுப்பீரியர் ஏரியிலிருந்து வரும் பனி
டயர்த் தடத்தை இன்னும் மூடவில்லை.

முதலில் ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும்.
சூடான ஆயில்தான் அழுக்கைச் சுமந்துகொண்டு இறங்கும்.
ஆறிய ஆயில் அதை அடியிலேயே விட்டுவிட்டு
தான் மட்டும் வெளியேறும்.
நாங்கள் ஆறிய பிறகுதான் பேசினோம்.

நிறுத்தி, பிளக் ஒயரைக் கழற்றி
ஒதுக்கி வைக்கிறேன்.
கை உள்ளே இருக்கையில் அதற்கு உயிர் வர வேண்டாம்.
காபி டப்பாவில் கறுப்பாக இறங்குகிறது.
புதியது தேன் நிறம், அறுநூறு மில்லி,
அளவுக்குச்சியின் மேல்கோடு வரை.
ஏர் ஃபில்டரைத் தட்டினால்
மேப்பிள் தூள், பிர்ச் தூள்,
ஒரு குளவியின் ஒற்றைச் சிறகு.

ஹைட்ராலிக் தொட்டியைத் திறந்தால்
பால் விட்ட தேநீர்.
தண்ணீர் புகுந்திருக்கிறது.
மூடியை அரைத் திருகு திருகிவிட்டு
அக்டோபர் மழை முழுக்க
வெளியே நிறுத்தியிருக்கிறான்.
நாக்கு நுனிக்கு வந்ததை எந்திரத்திடம் சொன்னேன்.
பாதி அவனுடையது,
பாதியாவது அவன் காதில் விழுந்திருக்கும்.

பதினைந்து லிட்டர், மூன்று வாளி.
வடியும்வரை ஆப்பைத் தீட்டுகிறேன்.
முனையில் நெல் அளவுக்கு ஒரு பொக்கை,
ஆணி அடித்த கட்டை எதையோ பிளந்திருக்கிறான்.
அரம் ஒரே திசையில் போக வேண்டும்.
கத்திபோல் கூராக்கக் கூடாது.
வெட்டுவதல்ல ஆப்பின் வேலை,
மரம் தனக்குள் ஏற்கெனவே வைத்திருக்கும் விரிசலைக்
கண்டுபிடிப்பதுதான்.
தண்டவாளத்துக்குக் கிரீஸ், தள்ளுதட்டுக்குக் கிரீஸ்,
என் ஸ்வெட்டர் கைக்கும் கொஞ்சம்.

இனி ஹோஸ்கள்.
கசிவைக் கையால் தேடக் கூடாது.
ஊசிமுனை ஓட்டையிலிருந்து பாயும் ஆயில்
தோலைத் துளைத்துக்கொண்டு போகும்,
அப்போது பெரிதாக வலிக்காது,
மறுநாள் விரலையே எடுக்க வேண்டிவரும்.
அட்டையைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

நெம்புகோலுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்குகிறது.
நான் மாட்டியதல்ல.
ஓட்ஸ் பெட்டியின் உட்புறம்.
அதில் ஓர் எண்ணெய்ப் புள்ளி, பென்சில் வட்டம்,
பக்கத்தில் இடப்பக்கம் சாயும் அந்த எழுத்து:
'கீழ் ஹோஸ், பூணுக்கு அருகே.
புதியது டூல்பாக்ஸில்.
மார்னி, கை வைக்காதே.'

இருந்தது. ரசீதோடு இருந்தது.
ரசீதின் ஓரத்தில் இரண்டால் வகுத்து
என் பங்கையும் எழுதியிருந்தான்:
பத்தொன்பது டாலர் நாற்பது சென்ட்.

ஹோஸ் மாற்ற அரைமணி நேரம்.
ஃபில்டர், புது ஆயில், மூடி,
முழுத் திருகு, அதற்கு மேல் கால் திருகு.
மரம் வைக்காமல் ஐந்தாறு முறை
முன்னும் பின்னும் ஓட்டினேன்.
உள்ளே சிக்கிய காற்று
பட்டினி வயிறுபோல் உறுமி உறுமி
மெல்ல அடங்கியது.

அட்டையின் மறுபக்கத்தில் இடமிருந்தது.
'ஹைட்ராலிக் ஆயில் அறுபத்திரண்டு டாலர்.
மழையில் விட்டது நீதான்,
இருந்தாலும் பாதியே போடுகிறேன்.
கழித்தால் நீ எனக்குப் பதினொன்று அறுபது.'
பேனா குளிரில் திணறியது.
அதை வாயில் ஊதிச் சூடாக்கி, கீழே:
'பத்து விரலும் இருக்கின்றன.'

இடது டயரில் காற்று குறைவு.
அதை நாளைக்குப் பார்க்கலாம்.